இளகக் கற்கும் தசை

பழனி மலைத்தொடரின் கீழ்மலைப் பகுதியில், காப்பிச் செடிகளுக்கும் மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்கும் நடுவே மலைவாழை பயிரிட்டு வாழும் பண்ணைக்காடு போன்ற ஊர்களில், தமக்கு மலச்சிக்கல் இருக்கிறதென்று ஒருவர் வாய்திறந்து சொல்லிவிட்டால், இரவில் படுக்கப் போகுமுன் இரண்டு மலைப்பழம் சாப்பிட்டுப் பார்க்கும்படியான யோசனை கேளாமலே கிடைத்துவிடும். யோசனை பழுதானதன்று. பழனியாண்டவர் சந்நிதியின் பஞ்சாமிர்தத்துக்கு ஆதாரமாக இருக்கும் அந்தக் கனியின் நாரும் குழைவும் பெரும்பாலோருக்கு வயிற்றை இளக்கித் தருகின்றன என்பது தலைமுறை தலைமுறையாக மக்கள் கண்ட அனுபவம். ஆயினும் பழத்துக்கும் கீரைக்கும் குறைவின்றி உண்டு, பகலெல்லாம் சரிவுகளில் ஏறியிறங்கி உழைத்து, பிறந்தது முதல் குந்தியே மலங்கழித்துப் பழகியும், தினந்தோறும் காலையில் அரைமணி நேரத்துக்கு மேல் முக்கி, நெற்றி வியர்த்து, ஒரு சிறு உருண்டையை வெளியேற்றியதோடு எழுந்துவந்து, "போன மாதிரியும் இல்லை, போகாத மாதிரியும் இல்லை" என்று தமக்குள்ளேயே நொந்துகொள்ளும் மனிதர் சிலர் எந்த ஊரிலும் உண்டு.

இவர்கள் பழத்திலிருந்து கடுக்காய்க்கும், கடுக்காயிலிருந்து விளக்கெண்ணெய்க்கும், அதிலிருந்து திருநெல்வேலிச் சீமை உலகத்துக்கெல்லாம் ஏற்றுமதி செய்யும் நிலாவாரைக்கும், கடைசியில் மருந்துக் கடையில் வாங்கும் பொடிகளுக்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகிறார்கள். ஒவ்வொன்றும் சில நாள் வேலை செய்கிறது. அளவு கூடக்கூட வயிறு பேதியாகிறதே தவிர, முக்கும் சிரமம் மட்டும் தீருவதில்லை. காரணம் இதுதான்: மேற்சொன்ன மருந்துகள் எல்லாம் மலத்தை இளக்குவதற்கும் குடலை முடுக்குவதற்கும் உரியவை, இவர்களிடத்திலோ குடல் தன் வேலையை ஒழுங்காகச் செய்து, மலத்தை வாயில்வரை கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. வாயில் திறப்பதில்லை. திறக்க வேண்டிய கணத்தில் அது இன்னும் இறுக மூடிக்கொள்கிறது. நாட்பட்ட மலச்சிக்கலுக்காகப் பெரிய மருத்துவமனைகளை நாடி வருவோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தக் குறை இருப்பதாக நிபுணர்கள் கணிக்கிறார்கள். இதற்கு மருந்து இல்லை. ஆனால் சிகிச்சை உண்டு. அந்தச் சிகிச்சை, தசைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதே என்பதையும், அது மற்ற உபாயங்களைவிட நல்ல பலன் தருவதாகப் பரீட்சைகளில் நிரூபணமாகியிருக்கிறது என்பதையும் விரிவாக எடுத்துச் சொல்வது அவசியமென்று நினைக்கிறேன். ஏனெனில், சங்கோசத்தினால் வாய்திறவாமல் ஆயுளில் பாதியைப் பேதி மருந்தோடு கழித்துவிடும் மனிதர்களுடைய துன்பம், தீர்க்கக்கூடியதாக இருந்தும் தீராமல் கிடக்கும் துன்பம்.

மலக்குடலுக்குப் பின்புறமாகச் சுற்றிவந்து, முன்னே அடிவயிற்றின் கீழுள்ள பூப்பெலும்பில் இரு முனைகளும் பதிந்து நிற்கும் தசை ஒன்று உண்டு. பியூபோரெக்டாலிஸ் என்று உடற்கூற்று நூலார் அதற்குப் பெயரிட்டிருக்கின்றனர். குலைதள்ளிய வாழை பாரத்தினால் சாய்ந்துவிடாதபடி, அதன் தண்டைச் சுற்றி ஒரு கயிற்றைப் போட்டு எதிர்ப்பக்கமாக இழுத்து முளையில் கட்டிவைப்பதை வாழைத் தோட்டங்களில் பார்த்திருப்போம். அந்தக் கயிறு தண்டை எப்படி ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்திருக்கிறதோ, அப்படியே இத்தசையும் மலக்குடலை முன்னோக்கி இழுத்து, குடலும் ஆசனவாயும் சேருமிடத்தில் ஏறத்தாழ ஒரு செங்கோணத்துக்கு மடக்கி வைத்திருக்கிறது. நாம் நின்றாலும் நடந்தாலும் இருமினாலும் மலம் தானாக இறங்கிவிடாமல் இருப்பதற்கு இந்த மடிப்பு முக்கியமான காவல். அதற்குக் கீழே சுருக்குத்தசைகள் இரண்டு. உள்ளே இருப்பது நமது இச்சைக்குக் கட்டுப்படாதது. ஓய்வு நேரத்தில் வாயிலை மூடி வைக்கும் அழுத்தத்தின் பெரும்பகுதி அதனுடையதே. வெளியே இருப்பது நம் சங்கற்பத்துக்கு உட்பட்டது. அவசரம் வந்தும் இடம் கிடைக்காதபோது நாம் இறுக்கிப் பிடித்துக்கொள்வது அதைத்தான்.

மலம் மலக்குடலில் வந்து சேர்ந்து அதன் சுவரை விரித்ததும், உள் சுருக்குத்தசை யாரும் சொல்லாமலே சற்றுத் தளர்கிறது. அந்த இடைவெளியில் வந்திறங்கும் பொருள் திடமா, திரவமா, வெறும் காற்றா என்பதை ஆசனவாயின் மேற்பகுதியிலுள்ள நுண்ணிய உணர்வுநரம்புகள் பரிசோதித்து மூளைக்குத் தெரிவிக்கின்றன. சபையில் உட்கார்ந்திருக்கும் மனிதர் காற்றை மட்டும் பிரித்தறிந்து வெளிவிட முடிவது இதனால்தான். அவயவங்களின் நுட்பத்தைப் பேசும்போது கண்ணையும் காதையும் வியக்கிறோம்; இரண்டு அங்குலத்துக்குள் அடங்கிய இந்த அமைப்பும் அந்த வியப்புக்குச் சிறிதும் குறைந்த தகுதியுடையதன்று.

சௌகரியமான இடமும் காலமும் வாய்த்தபின் நடைபெறுவது, ஒரே சமயத்தில் இரண்டு எதிர்மாறான கட்டளைகளை நிறைவேற்றும் செயல். மேலே உதரவிதானம் இறங்கி, வயிற்றுத் தசைகள் இறுகி, அழுத்தம் கீழ்நோக்கிச் செல்ல வேண்டும். அதே கணத்தில் கீழே, இழுத்துப் பிடித்திருந்த தசை தளர்ந்து, மடிப்பு நிமிர்ந்து, வெளிச் சுருக்குத்தசையும் விரிந்து கொடுக்க வேண்டும். மேலே இறுக்கம், கீழே இளக்கம். குந்தி உட்காருவது இந்த நிமிர்வுக்குத் துணை செய்கிறது என்பதை, ஜப்பானில் சகாகிபாராவும் அவருடைய சகாக்களும் ஆரோக்கியமான 6 பேரைக் கொண்டு செய்து 2010-இல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டுகிறது: நாற்காலியில் அமர்வதுபோல் இருந்தபோது 100 பாகையாக இருந்த கோணம், குந்தியபோது 126 பாகையாக விரிந்தது. நம் முன்னோரின் வழக்கத்துக்குச் சாதகமான சான்றுதான். ஆனால் குந்துவது மடிப்பை நிமிர்த்த உதவுமேயன்றி, தளர மறுக்கும் தசையைத் தளர்த்திவிடாது.

அந்தத் தளர்வு நேராமற்போவதே இந்நோய். மேலே முக்க முக்கக் கீழே தசை இறுகுகிறது; இறுக இறுக மனிதர் இன்னும் பலமாக முக்குகிறார். 1985-இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த பிரெஸ்டனும் லெனார்ட்-ஜோன்ஸும் நாட்பட்ட மலச்சிக்கலுள்ள பெண்களிடத்தில் இந்த விபரீதத்தைத் தெளிவாக எடுத்துக்காட்டினார்கள். பின்னர், இந்திய வம்சாவளியினரும் அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்து வருபவருமான சதீஷ் ராவ் இதை நான்கு வகையாகப் பிரித்தார்: முக்கும் வலு இருந்தும் கீழே இறுகுவது, வலுவும் இல்லாமல் கீழேயும் இறுகுவது, வலு இருந்தும் கீழே போதிய தளர்ச்சி இல்லாதது, இரண்டுமே இல்லாதது.

தசை இவ்வாறு தடம் மாறுவதற்குப் பலருக்குக் காரணமே புலப்படுவதில்லை. சிலருக்குக் குழந்தைப் பருவத்தில், ஆசனவாய் வெடிப்பின் வலிக்குப் பயந்து அடக்கத் தொடங்கியது பழக்கமாகிவிடுகிறது. சிலருக்குப் பிரசவத்துக்குப் பின்னும், முதுகில் அடிபட்டதற்குப் பின்னும் தொடங்குகிறது. அடக்கி வைக்கும் வழக்கத்தை நிபுணர்கள் ஒரு காரணமாகச் சொல்லும்போதெல்லாம், கழிப்பறை இல்லாத காலத்தில் இருட்டும் வரை காத்திருக்கப் பழக்கப்பட்ட நம் கிராமத்துப் பெண்களும், பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குள் நுழைய அருவருத்து மாலை வீடு திரும்பும்வரை பொறுத்துக்கொள்ளும் குழந்தைகளும் என் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. அடக்குவதற்கே வருஷக்கணக்கில் பயிற்சி பெற்ற ஒரு தசை, விடுவதற்கு மறந்துபோவதில் ஆச்சரியமென்ன?

நோயை அறியும் முதல் உபாயம் மிகவும் எளிது. எளிதாக இருப்பதனாலேயே புறக்கணிக்கப்படுவது. மருத்துவர் உறையணிந்த விரலை உள்ளே வைத்து, மலங்கழிப்பதுபோல் முக்கும்படி சொல்ல வேண்டும். ஆரோக்கியமான தசை விரலைச் சுற்றித் தளர்ந்து, இடுப்பின் அடித்தளம் சற்றுக் கீழே இறங்கும். நோயுற்ற தசை விரலைக் கவ்விப் பிடிக்கும். அனுபவமுள்ள விரல் இதைச் சில நொடிகளில் கண்டுகொள்கிறது. அடுத்தது பலூன் பரீட்சை: சுருக்கிய சிறு பலூனை மலக்குடலுள் வைத்து, 50 மில்லிலிட்டர் வெதுவெதுப்பான நீரை நிரப்பி, தனியறையில் அதை வெளியேற்றச் சொல்கிறார்கள், பெரும்பாலோர் ஒரு நிமிஷத்துக்குள் வெளியேற்றிவிடுவார்கள், இந்நோயுடையோரால் இயலுவதில்லை. மூன்றாவது, அழுத்தத்தை அளக்கும் மெல்லிய குழாயை உட்செலுத்திக் கணினித் திரையில் பார்ப்பது. முக்கும்போது மலக்குடலில் அழுத்தம் 45 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கேனும் உயர்வதும், அதே சமயம் ஆசனவாயின் அழுத்தம் 20 விழுக்காட்டுக்கேனும் தாழ்வதும் ஒழுங்கான செயலுக்கு அடையாளம் என்று ஒரு வரையறை வைத்திருக்கிறார்கள்.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். பயோஃபீட்பேக் என்று உலகமெங்கும் வழங்கும் இம்முறையின் தத்துவம், நமக்குப் புலப்படாத உடற்செயல் ஒன்றைக் கண்ணுக்குப் புலப்படச் செய்தால், அதைத் திருத்திக்கொள்ள நாம் கற்றுக்கொள்ளலாம் என்பது. நோயாளி, அவர் ஒரு நடுவயதுப் பெண்மணி என்று வைத்துக்கொள்வோம், இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். விரலைவிட மெல்லிய குழாய் உள்ளே வைக்கப்பட்டிருக்கிறது. எதிரே திரையில் இரண்டு கோடுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. மேற்கோடு மலக்குடலின் அழுத்தம், கீழ்க்கோடு ஆசனவாயின் அழுத்தம். "வழக்கமா எப்படி முக்குவீங்களோ அப்படியே முக்குங்கம்மா" என்கிறார் பயிற்சியாளர். இரண்டு கோடுகளும் ஒன்றாக மேலே எழும்புகின்றன. இத்தனை வருஷமும் தாம் கதவைத் தள்ளுவதாக எண்ணிக்கொண்டு அதைச் சாத்திக்கொண்டே இருந்தார் என்பது அவருக்கு அந்தக் கணத்தில் பிரத்தியட்சமாகிறது. அதுவரை யார் சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருக்க மாட்டார்.

பிறகு பாடம் தொடங்குகிறது. முதலில் மூச்சு: தொண்டையில் அடைத்துக்கொண்டு முகம் சிவக்க முக்குவதை விட்டுவிட்டு, வயிறு முன்னே வரும்படி ஆழ்ந்து இழுத்து, அந்த மூச்சைக் கீழே இறக்குவதுபோல் மெல்ல அழுத்தக் கற்பிக்கிறார்கள். கையை வயிற்றின்மேல் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். அடுத்து, தசையை வேண்டுமென்றே இறுக்கி, இறுக்கியதை விடுவித்து, இறுக்கத்துக்கும் தளர்ச்சிக்கும் உள்ள வேற்றுமையை உணரச் செய்கிறார்கள். கீழ்க்கோடு உயர்வதும் தாழ்வதும் கண்ணெதிரே தெரிகிறது. அதன்பின் இரண்டையும் சேர்த்து, மேற்கோடு ஏறவும் கீழ்க்கோடு இறங்கவும் முயலச் சொல்கிறார்கள். முதல் நாள் பெரும்பாலும் கைகூடாது. எப்போதோ ஒருமுறை, எப்படி என்று தமக்கே தெரியாமல், கீழ்க்கோடு கொஞ்சம் சரிகிறது. "அதுதான், இப்ப செஞ்சீங்களே, அதையே திரும்பச் செய்யுங்க" என்று பயிற்சியாளர் உடனே பிடித்துக்கொள்கிறார். அந்த ஒரு சரிவுதான் சிகிச்சையின் முதல் வெற்றி. பல வருகைகளில், வீட்டிலும் பயின்று, அந்தத் தற்செயல் பழக்கமாக மாறுகிறது. கடைசியில் திரையை மறைத்துவிட்டு, உடலின் உணர்வை மட்டும் துணைகொண்டு செய்யச் சொல்கிறார்கள். பலூனை வெளியேற்றிப் பழகுவதும், மலக்குடலின் உணர்வு மழுங்கியவர்களுக்குப் பலூனைச் சிறிது சிறிதாக நிரப்பி உணர்வைக் கூர்மைப்படுத்துவதும் இதனோடு சேரும்.

இந்த முறை இதற்கு நேர்மாறான நோயிலிருந்தே பிறந்தது. 1948-இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னல்ட் கெகல், பிரசவித்த பெண்களின் இடுப்புத்தளத் தசைகளை வலுப்படுத்துவதற்காக, இறுக்கத்தின் அளவை முள்ளில் காட்டும் எளிய கருவியை அறிமுகம் செய்தார். 1974-இல் பெர்னார்ட் எங்கல் முதலியோர், மலம் அடக்க இயலாதவர்களுக்கு அழுத்தக் கோடுகளைக் காட்டிப் பயிற்றுவித்து, நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அதன் பலனை வெளியிட்டார்கள். அடக்கக் கற்பித்த அந்த வழியையே திருப்பி, விடக் கற்பிக்கப் பயன்படுத்தியவர்கள் பிற்பாடு வந்தார்கள்; நெதர்லாந்தின் பிளெய்யன்பெர்க்கும் குய்ப்பர்ஸும் 1987-இல் எழுதியது அவ்வகையில் ஆரம்பகாலத்து ஆராய்ச்சி. ஆனால் சொற்ப எண்ணிக்கையான நோயாளிகளைக் கொண்டு, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாமல் செய்யும் ஆராய்ச்சிகளை ஐயத்தோடுதான் ஏற்க வேண்டும். பரிவோடு பேசிப் பல தடவை கவனிக்கும் எந்தச் சிகிச்சையும் கொஞ்சம் பலன் தரவே செய்யும்.

அந்த ஐயத்தைத் தீர்த்த பரீட்சைகள் 2006, 2007 ஆம் ஆண்டுகளில் வந்தன. இத்தாலியில் கியாரியோனி முதலியோர் இந்நோயுள்ள 109 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, 54 பேருக்கு வாரம் ஒன்றாக 5 முறை பயோஃபீட்பேக் பயிற்சியும், 55 பேருக்குப் பாலிஎத்திலீன் கிளைகால் என்னும் மலமிளக்கியும் அளித்தார்கள். ஆறு மாதத்துக்குப் பின் பெரும் முன்னேற்றம் கண்டவர்கள் பயிற்சி பெற்றோரில் 80 விழுக்காடு. மருந்து உண்டோரில் 22 விழுக்காடு. இரண்டு ஆண்டுகள் கழித்தும் பயிற்சியின் பலன் நிலைத்திருந்தது. எனக்கு அதைவிடவும் பொருள் பொதிந்ததாகத் தோன்றுவது, வட கரோலினாவில் ஹேமனும் சகாக்களும் செய்த பரீட்சை. தசை இறுகுவதுதான் நோயென்றால், தசையைத் தளர்த்தும் டயாஸெபாம் மாத்திரை போதுமே என்ற நியாயமான கேள்விக்கு அது விடை கூறுகிறது: பயிற்சி பெற்றோரில் 70 விழுக்காட்டினர் நிவாரணம் பெற, டயாஸெபாம் உண்டோரில் 23 விழுக்காடும், வெற்று மாத்திரை உண்டோரில் 38 விழுக்காடுமே பெற்றார்கள். உரிய கணத்தில் உரிய தசை தளர வேண்டும் என்பது கற்றறியும் வித்தை. உடம்பு முழுவதையும் துவளச் செய்யும் மருந்தினால் அது வராது. ஒரு காலத்தில் இத்தசையைக் கத்தியால் அறுத்தும் பார்த்திருக்கிறார்கள். பலன் சொற்பமாயிற்று, மலக்கசிவு என்னும் அபாயம் வேறு.

நம் நாட்டில் லக்னோவிலுள்ள சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ அறிவியல் கழகத்தில் உதய் சந்த் கோஷாலும் அவரைச் சேர்ந்தோரும் இந்நோயை விரிவாக ஆராய்ந்து, பயிற்சிக்குப் பின் அழுத்த அளவுகள் சீர்படுவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். 2018-இல் இந்திய இரைப்பை குடல் மருத்துவச் சங்கமும் குடல் இயக்கக் கோளாறுகளுக்கான சங்கமும் சேர்ந்து வெளியிட்ட மலச்சிக்கல் பற்றிய கூட்டறிக்கையும் இந்தச் சிகிச்சைக்கு உரிய இடம் அளிக்கிறது. வாரத்துக்கு மூன்று முறைக்குக் குறைவாகப் போவதே மலச்சிக்கல் என்னும் மேனாட்டு அளவுகோல், தினமும் போவதை வழக்கமாகக் கொண்ட நம்மவர்க்குப் பொருந்துவதில்லை என்பதை நம் நிபுணர்கள் வற்புறுத்துவது கவனிக்கத்தக்கது. தினமும் போகிறவருக்கும் இந்நோய் இருக்கலாம்.

யோக சாஸ்திரத்தில் பழகியவர்கள், மூலபந்தம் என்ற பெயரில் இவையெல்லாம் நம்மிடம் முன்பே உண்டே என்று கேட்கலாம். ஹடயோகப் பிரதீபிகையில் அது விவரிக்கப்பட்டிருப்பது உண்மை. இடுப்புத்தளம் இச்சைக்குக் கட்டுப்படுவது என்பதை நம்மவர் அறிந்திருந்தனர் என்று பெருமைப்படலாம். ஆனால் மூலபந்தமும் கெகல் கற்பித்த பயிற்சியும் இறுக்குவதையே பிரதானமாகக் கொண்டவை. விட இயலாமல் தவிக்கும் ஒருவர், யாரோ சொன்னார்களென்று இறுக்கும் பயிற்சியை மட்டும் மேற்கொண்டால் தொல்லை கூடினும் கூடும். எது நோய் என்பது தெரிந்த பிறகே பயிற்சி.

எல்லா மலச்சிக்கலுக்கும் இது பரிகாரமாகாது. குடலின் இயக்கமே மந்தப்பட்டவருக்கு இதனால் பயனில்லை. கற்கும் ஆற்றல் குன்றியவருக்கும் இயலாது. குழந்தைகள் விஷயத்தில் சான்று வலுவாக இல்லை. மலம் அடக்க இயலாமைக்கும், 2003-இல் செயின்ட் மார்க்ஸில் கிறிஸ்டின் நார்ட்டன் முதலியோர் 171 பேரைக் கொண்டு செய்த பரீட்சையில், கருவியோடு கூடிய பயிற்சி, நல்ல ஆலோசனையையும் கவனிப்பையும் விட மேலான பலன் தரவில்லை. மலத்தில் இரத்தம், காரணமற்ற உடல்மெலிவு, சோகை, நடுவயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கிய மாறுதல் ஆகியவை இருந்தால், பயிற்சியைப் பற்றி நினைக்குமுன் புற்றுநோய் இல்லையென்று நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும்.

மலைவாசிகளுக்கு இன்னொரு தடை, தூரம். பயிற்சி தரும் நிலையங்கள் பெருநகரங்களில்தான் உள்ளன. பண்ணைக்காட்டிலிருந்து வத்தலக்குண்டு இறங்கி, அங்கிருந்து மதுரைக்கோ அதற்கப்பாலோ பல முறை போய்வருவதென்றால், காப்பி பறிக்கும் பருவத்தில் கூலிவேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு எத்தனை நாள் சம்பளம் போகும்! இந்நிலையில் சதீஷ் ராவும் குழுவினரும் 2018-இல் வெளியிட்ட பரீட்சை நம்பிக்கை அளிக்கிறது. 100 நோயாளிகளில் ஒரு பாதியினர் மருத்துவமனைக்கு வந்து பயின்றார்கள்; மறுபாதியினர் கையடக்கமான கருவியொன்றை வீட்டுக்கு எடுத்துச் சென்று தாமே பயின்றார்கள். மூன்று மாத முடிவில் இரு சாராரும் பெற்ற பலன் ஏறத்தாழ சமம். வீட்டில் பயின்றவர்களுக்குச் செலவு குறைவு.

கருவி கைக்கு வரும்வரையில் செய்யக்கூடியவையும் சில உண்டு. மேற்சொன்ன விரற்பரிசோதனைக்கு ஓர் உறையைத் தவிர வேறு செலவில்லை; அதைச் செய்யும்போதே, "இப்போது இறுக்குகிறீர்கள், இப்போது தளர்த்தினீர்கள்" என்று வாயாற் சொல்லிக்கொடுத்தால் அதுவும் ஒருவகைப் பின்னூட்டமே. மேற்கத்திய முறைக் கழிப்பறையில் உட்காருவோர் காலுக்கடியில் ஒரு சிறு முக்காலி போட்டுக்கொண்டு முன்னே சாயலாம். காலைச் சாப்பாட்டுக்குப் பின் பெருங்குடல் இயல்பாகவே சுறுசுறுப்படையும் அரைமணி நேரத்தைப் பயன்படுத்திக்கொண்டு, ஐந்து நிமிஷத்துக்கு மேல் உட்காராமல் எழுந்துவிடுவது நல்லது. காப்பியும் இதற்கு உதவும்: 1990-இல் இங்கிலாந்தில் வெளியான ஆராய்ச்சியொன்றில், காப்பி குடித்த நான்கு நிமிஷத்துக்குள் சிலருடைய பெருங்குடலின் கடைப்பகுதி இயங்கத் தொடங்கியது, காஃபீன் நீக்கிய காப்பியிலும் அவ்வாறே நிகழ்ந்தது. மருத்துவரிடம் போகும்போது எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதோடு நிறுத்தாமல், எவ்வளவு நேரம் முக்க வேண்டியிருக்கிறது, இளகிய மலமும் சிரமப்பட்டுத்தான் வருகிறதா, விரலால் எடுத்துவிட வேண்டியிருக்கிறதா என்பதையும் கூசாமல் சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பல பெண்கள் கணவனிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் மருத்துவருக்கு நோயின் இருப்பிடத்தைக் காட்டும் செய்தியும் பெரும்பாலும் அதுவே.